காலையிலேயே எழுதிய காற்று

"பதினேழாம் வயலோட பறப்புப் பதிவு எனக்கு வேணும். இன்னிக்கே வேணும்."

கேட்டுவிட்டேன். வேலையில் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் எவேலியோ எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். முன்பணம் கேள், லீவு கேள், புது பூட்ஸ் கேள், மருந்தடித்துப் பறந்து முடித்த டிரோனின் பதிவை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்காதே. எத்தனை மணிக்கு ஏறியது, எந்த வழியாகப் போனது, எங்கே இறங்கியது, எல்லாம் அதில் இருக்கும். இறங்கிய கையோடு அது கரும்பாலைக்குப் போய்விடும். ஒரு நகல் எவேலியோவின் கணினியில் பூட்டிக் கிடக்கும். பதினோரு மாதமாக நானும் கேட்டதில்லை.

அவர் கருங்காப்பிக் குவளையைக் கீழே வைக்கவில்லை.

"உக்காரு டாய்ரா."

"உக்கார வரல."

"அப்ப நின்னுக்கிட்டே குடி. நொரால்பா, இஞ்சினியருக்கு ஒரு காப்பி ஊத்து."

பல்மீரா பல்கலைக்கழகத்தில் விவசாய இஞ்சினியரிங் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து ஊரில் எனக்கு அதுதான் பெயர். கரும்பு வெட்டிய எங்கள் லுகுமி குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களும் உண்டு, குத்திக் காட்டக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. எவேலியோ இரண்டையும் ஒரே மூச்சில் செய்வார்.

எங்கள் ஆபீஸ் ஒரு பழைய கப்பல் கண்டெய்னர். கரும்பு வயல் ஓரத்தில் கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. கதவுக்கும் மேசைக்கும் நடுவே நாலு எட்டு. அந்த நாலு எட்டையும் நான் போவதும் வருவதுமாக இருந்தேன். மணி பன்னிரண்டே முக்கால். இரண்டு மணிக்கு நெரெய்தா அத்தையின் தோட்டத்துக்குப் பயிர்ச்சேதத்தைப் பார்க்க அரசாங்க அதிகாரி வருகிறார். பதிவில்லாமல் அவர் முன்னால் போய் நின்றால் நான் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு.

"எந்தப் பதினேழு?" என்றார் எவேலியோ, தெரியாதவர்போல.

"நெரெய்தா அத்தை வாழைத் தோட்டத்துக்கு வேலி ஒட்டினாப்புல இருக்கிறது."

"அத்தையா? உனக்குக் கௌகா ஆத்துக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் மாமா. யார் வீட்டு வாழை வாடினாலும் நீ துக்கம் கேக்கப் போகணும் போலிருக்கு."

நொரால்பா காப்பி ஊற்றியபடி சிரித்தாள். மூன்று ஒப்பந்தக் கம்பெனியில் கணக்கெழுதி மூன்றும் மூடியதைப் பார்த்தவள். எதற்கும் சிரிப்பாள்.

அத்தையின் தோட்டம் ஒரு ஹெக்டேர்கூட இல்லை. மூன்று பக்கம் ஆலைக் கரும்பு, நாலாவது பக்கம் ரோடு. வாழை, நடுநடுவே கொக்கோ, நாலைந்து ஆரஞ்சு. அதில்தான் அவள் வயிறு நிரம்புகிறது. காலையில் கூப்பிட்டுக் காட்டினாள். புதிதாக விரிந்த குருத்தெல்லாம் மஞ்சளாக, நாடா மாதிரி ஒடுங்கி, முறுக்கிக்கொண்டு நின்றன. கொக்கோவின் இளம் இலைகள் விரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தன. எனக்கு இரண்டாவது மரத்தைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"கரும்பப் பழுக்க வைக்கிற மருந்து என் வாழைக்கும் நல்லா வேலை செய்யுது, இஞ்சினியரம்மா. குலை தள்றதுக்கு முன்னாடியே மரம் பழுத்துப் போச்சு பாரு" என்றாள் அத்தை. சிரிக்கத்தான் செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆலை ஏஜென்ட் ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான். வாழைதான் சரியா வரல, நெலத்த இருபது வருசத்துக்குக் கரும்புக்கு விட்டுருங்கன்றான். அதிகாரி நோய்னு எழுதிட்டார்னா நான் எதை வெச்சு இல்லைன்னு சொல்றது? நீ படிச்சவ. நீ வந்து நில்லு, போதும்."

நின்றேன். வாய் திறந்து சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

அறுப்புக்கு ஆறேழு வாரம் முன்னால் அந்த மருந்தை அடிப்போம். வளர்வதை நிறுத்தித் தண்டில் சர்க்கரையை ஏற்றும். கரும்புக்கு அது இனிப்பு, காற்றில் அடித்துக்கொண்டு போய் விழுந்த இடத்தில் எல்லாம் விஷம். அதனால்தான் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்றடித்தால் டிரோனைத் தூக்கக் கூடாது என்று சட்டம். ஒவ்வொரு பறப்புக்கும் காற்றை அளந்து பறப்புத் தாளில் அதற்கான கட்டத்தில் எழுத வேண்டும் என்பதும் சட்டம்.

எங்கள் வழக்கம் வேறு. விடியற்காலையில் வட்டமாக நின்று வெல்லத் தண்ணீர் குடிக்கும்போதே அன்றைய தாளை நிரப்பிவிடுவோம். மருந்து கலந்த பிறகு கையுறையெல்லாம் பிசுபிசுக்கும், தாள் கிழியும், எழுத்து கரையும். அதற்காக யாரோ தொடங்கி வைத்தது. அந்த நேரத்தில் காற்று இருக்காது. எல்லாக் கட்டத்திலும் நாலு, நாலு, நாலு. கடைசிப் பறப்பு பத்து நாற்பது. கீழே கையெழுத்து. இன்னும் நடக்காத ஒரு நாளுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் தினமும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் அளவெடுக்கக் கற்றுக்கொண்டு வந்தவள், அளக்காமல் போட்டேன்.

இருபத்திரண்டு நாளுக்கு முன்னால் ஒன்பது மணிக்கு ஜெனரேட்டரின் பெல்ட் அறுந்தது. பேட்டரி ஏற்ற வழியில்லை. காலி நகரத்திலிருந்து பெல்ட் வந்து மாட்டி முடிக்கும்போது மதியம் இரண்டரை தாண்டிவிட்டது. பதினேழாம் வயலுக்கு மூன்று டேங்க் மருந்து கலந்தபடி மிச்சம் இருந்தது. மூன்று மணிக்கு மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கும் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும். அந்த நேரத்துக்குத்தான் பெண்கள் கொடியிலிருந்து துணி எடுப்பார்கள். காற்றளக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்தேன். பதினேழு கிலோமீட்டர் காட்டியது. வாக்கி டாக்கியில் சொன்னேன். "வேலிய விட்டுக் கொஞ்சம் தள்ளி ஓட்டி முடிச்சிடு" என்றார் எவேலியோ.

ஓட்டினேன். மூன்று டேங்கும்.

"தாள்தான் இருக்கே, அதக் கொண்டுபோய்க் காட்டேன்" என்றார் எவேலியோ இப்போது. "காலை பத்து நாப்பது, காத்து நாலு. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

"அது பொய்த் தாள். உங்களுக்கும் தெரியும். பதிவுல மூணு பத்துன்னு இருக்கும்."

"இருக்கும். பக்கத்துலயே ஓட்டினது யாருன்னும் இருக்கும். யார் பேரு அது? என் பேரா?"

கதவுவரை போனேன். வெளியே பையன்கள் மதியத்துக்கு இரண்டு டிரோன்களின் கைகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தேன்.

"என் பேருதான்."

"அப்ப லைசென்ஸ் யாருக்குப் போகும்? உனக்கு. அதுக்கப்புறம் எவன் உனக்கு வேலை தருவான்? இந்தப் பள்ளத்தாக்குல ஆலை சொன்னா கழுதைகூட உன்ன ஏத்திக்காது. நானும் இதே வயல்ல வெட்டினவன்தான், டாய்ரா. முதுகு போயி, மூணு மாசம் படுத்துக் கிடந்தவன். ஏறி வந்த ஏணிய யாராவது தானே ஒதைப்பாங்களா?"

இதை அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ சத்தம் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நானும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. நூத்தம்பது வாழைக்கன்னு, பத்து மூட்டை உரம். நாளைக்கே எறக்கிடலாம். கிழவி இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும். நீ கொண்டுபோ, நீ கேட்டா போடுவா."

படித்தேன். தோட்டத்தில் கண்ட மஞ்சள் நிறம் இலைநோயால் வந்தது. அண்டை விவசாயியின் மீதுள்ள நல்லெண்ணத்தால் கம்பெனி இந்த உதவியைச் செய்கிறது.

"இதுக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தீங்களா?"

"எதுக்காக?"

"எங்க ஆளுங்க கிட்ட கையெழுத்து வாங்க."

"டிரோன் ஓட்டத்தான் எடுத்தேன். இதும் அதோட சேர்ந்து வர்றது" என்றார்.

"கன்னு அந்த மண்ணுல திரும்ப முளைக்கும். அடுத்த வருசம் அதே வேலி, அதே மூணு மணி. திரும்ப நூத்தம்பது கன்னு தருவீங்களா?"

"தருவோம். என்ன இப்போ?"

நொரால்பா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

போன் அதிர்ந்தது. நெரெய்தா அத்தை. "சீக்கிரமே வந்துட்டாரும்மா. வாழைய ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, ஆலைக்காரங்க குடுத்த பறப்புத் தாளையும் பாத்துட்டு, பேனாவ எடுத்துட்டாரு. ஆரஞ்சு ஜூஸ் குடுத்து உக்கார வெச்சிருக்கேன். ரெண்டாவது தம்ளர் ஓடுது. இன்னும் எத்தன ஆரஞ்சு பிழியட்டும்?"

"மூணு பிழி அத்தை. வந்துட்டே இருக்கேன்."

எவேலியோவைப் பார்த்தேன். கணினியை மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். நான் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"பதிவு வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். "நொரால்பா அக்கா, ஒரு காலித் தாள் கொடுங்க. பறப்புத் தாள்."

அவள் எவேலியோவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். நின்றுகொண்டே, சுவரில் வைத்து எழுதினேன். வயல் பதினேழு. தேதி. ஏறிய நேரம் மூன்று பத்து, மூன்று முப்பது, மூன்று ஐம்பது. காற்று பதினேழு. ஓட்டியவர் டாய்ரா லுகுமி, லைசென்ஸ் எண். அடியில் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன்: காற்று வேகத்தை மேற்பார்வையாளரிடம் சொன்னேன், இதற்கு முன்னால் கொடுத்த தாள் அன்று காலை பறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது, எங்களிடம் எல்லாத் தாளும் அப்படித்தான் எழுதப்படுகிறது.

சுவரின் தகரம் நெளிநெளியாக இருந்ததால் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. பரவாயில்லை.

"இது எதுக்கு உதவும்?" என்றார் எவேலியோ. "வெறும் காகிதம். ஆலை வக்கீல் மூக்கத் தொடச்சிப் போட்டுருவான்."

"நான் கேட்டா நீங்க பதிவு குடுக்க வேண்டாம். ஓட்டினவளே எழுதிக் குடுத்த பிறகு அதிகாரி கேட்டா குடுத்துத்தான் ஆகணும். அந்தச் சட்டத்தையும் படிச்சுட்டுத்தான் பட்டம் வாங்கினேன்."

"எல்லாத் தாளும்னு எழுதியிருக்க. மத்த பசங்க பொழப்பு?"

வெளியே டிரோன் விரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவனுக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்தது. கேக் கொண்டுவந்து கொடுத்தான், நானும் தின்றேன்.

"அவங்க நாளையிலிருந்து அளந்து எழுதட்டும்."

"சுலபமா சொல்லிட்ட."

"சுலபமா இல்ல."

அவர் எழுந்து நின்றார். அடிக்க வருவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. வரவில்லை. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டாம் வயலுக்கு மருந்து கலந்தாச்சு. ஒரு மணிக்கு நீதான் ஓட்டணும். அத முடிச்சிட்டுப் போ. கிழவியும் ஆரஞ்சும் ஓடிப்போயிடாது."

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினேன். மேசையில் வைக்க இடமில்லை, எங்கும் தாள். நொரால்பாவின் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். நெரெய்தா அத்தையிடம் முதலில் சொல்ல வேண்டும், ஓட்டினது நான்தான் என்று. அவள் என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதிகாரி அதற்கு அப்புறம்.

படியிறங்கினேன்.