ருக்மிணியின் தொழில்

2001 பிப்ரவரியில், கட்கிப் பள்ளி ஆசிரியை மங்கையர்க்கரசி மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் மராத்திக்காரர்கள் வாழும் கசார்வாடியில் வீடு வீடாகப் போனாள். ஒரு தமிழ் வீட்டில் கதவைத் திறந்தவன் ஸ்வாமிநாதன். லேத் பட்டறை மூடியதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை.

"எனக்கு லேத் ஆபரேட்டர்னு போட்டுக்கோங்க டீச்சர். இவ வீட்டுல சும்மாதான் இருக்கா."

உள்ளே அவன் மனைவி ருக்மிணி இட்லித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பக்கத்துப் பட்டறை ஆட்கள் டப்பாக்களோடு காத்திருந்தார்கள்.

மங்கையர்க்கரசி அவளிடமே கேட்டாள். "நீங்க என்ன பண்றீங்கம்மா?"

ருக்மிணி சற்று யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. "இட்லி வியாபாரம்" என்றாள்.

"அப்போ நான்?" என்றான் ஸ்வாமிநாதன்.

"மாவு அரைச்சுத் தர்றீங்கல்ல? என்கிட்ட வேலை பாக்கறீங்கன்னு டீச்சர் எழுதிக்குவாங்க."

அவன் சிரித்துவிட்டான். "சரி, அப்படியே எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, காத்திருந்தவர்களுக்குச் சட்னி ஊற்றப் போனான்.