காஜா அக்கா எடுத்துக்கொண்ட வேஷம்

அடுத்தவள் பட்ட அவமானத்தை என்னுடையது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவள் நான். எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்கு ஒரு நாடகக்குழு வந்தது. நடிகர்களை அவர்கள் கூட்டிவரவில்லை, நடிக்கப்போவதே நாங்கள்தானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட ஹாலில் வட்டமாக உட்கார்ந்து, அவரவருக்கு நடந்த ஓர் அநியாயத்தைச் சொல்ல வேண்டும். அதில் ஒன்றை நாடகமாக்குவார்கள். வீட்டில் நடிப்பது போதாதா என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். காலேஜ் படிக்கும் மகள்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பால் பூத்துக்காரி தன் கதையைச் சொல்லி எல்லோரையும் அழவைத்துவிட்டாள். அடுத்தது என் முறை. எனக்கு அப்படிப் பெரிய அநியாயம் ஒன்றும் நடந்ததில்லை. பதினாலு வருஷமாகச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறேன். பிசிறு வெட்டி, பட்டன் பார்த்து, டஜன் டஜனாக எண்ணிக் கட்டுகிற வேலை. ஆனாலும் அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபோது ஒன்றுமில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வாயைத் திறந்தேன். காஜா அக்காவின் கதை வந்தது.

எங்கள் கம்பெனியில் சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, போடும் மெஷினில் இருந்தவள் அவள். ஒருநாள் ஒரு டஜன் சட்டை குறைந்தது. எல்லோர் முன்னாலும் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள், இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் பை தடிப்பாக இருந்ததைப் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னதுதான் காரணம்.

அந்த ஒருத்தி நான். எண்ணிக் கட்டியவள் நான், குறைந்தால் என் தலைதான் உருளும். பயத்தில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அந்தக் கட்டு இஸ்திரி மேசைக்குப் பின்னால் கிடந்தது. கண்டெடுத்ததும் நானே. சத்தம் போடாமல் அடுத்த லாட்டோடு சேர்த்துக் கட்டினேன்.

இதையெல்லாம் வட்டத்தில் சொல்லவில்லை. பையைக் கொட்டியதை மட்டும் சொன்னேன், அந்தப் பை என்னுடையது என்று. முன்பிருந்த கம்பெனியில் நடந்தது என்று கூடுதலாக ஒரு பொய். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று அழுதாள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது? கை தூக்கச் சொன்னதில் என் கதைக்குத்தான் அதிகக் கைகள் எழுந்தன.

ஆறு ஞாயிறு ஒத்திகை நடந்தது. மேனேஜராக சலூன்காரர், என்னைத் திட்டி முடித்த ஒவ்வொரு தடவையும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவார். காட்டிக்கொடுப்பவளாக பால் பூத்துக்காரி. இப்படிப்பட்ட பொம்பளை எப்படி நிற்பாள் என்றே தெரியவில்லை என்று அவள் புலம்பினாள். நான் நின்று காட்டினேன், கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். அச்சு அசலாக இருக்கிறது என்று குழுத்தலைவி பாராட்டினாள்.

அவர்கள் நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. ஒருமுறை நடித்து முடித்த பிறகு மறுபடி நடிப்போம். அப்போது பார்க்கிறவர்கள் யாரும் எந்த இடத்திலும் "நிறுத்து" சொல்லலாம். மேலே வந்து ஒரு வேஷத்தை வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று செய்துகாட்டலாம்.

அன்றைக்கு ஹால் நிரம்பியிருந்தது. இரண்டாம் முறை என் பையைக் கொட்டப் போகும்போது நாலாவது வரிசையிலிருந்து "நிறுத்து" என்றது ஒரு குரல். தலை நரைத்திருந்தது. நடையை வைத்தே தெரிந்துகொண்டேன். காஜா அக்கா.

யாருடைய வேஷம் வேண்டும் என்று குழுத்தலைவி கேட்டாள். என்னுடையதைத்தான் கேட்பாள் என்று நானே விலகி வழிவிட்டேன். காஜா அக்கா பால் பூத்துக்காரியைக் காட்டினாள்.

சட்டை எங்கே என்று சலூன்காரர் அதட்டினார். காஜா அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இவ எடுக்கல சார். நான் எதையும் பாக்கல. எண்ணினது நான், தப்பும் என்னோடதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பயத்துல உன் பேரைச் சொல்லப் பாத்தேன். என்னை மன்னிச்சிரு."

நான் சொல்லியிருக்க வேண்டியதை வார்த்தை பிசகாமல் அவள் சொன்னாள். இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சலூன்காரர் அடுத்த வசனத்தை மறந்து நின்றார். பதில் சொல்லுங்க அக்கா என்று குழுத்தலைவி மெல்லச் சொன்னாள். மன்னித்துவிடம்மா என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். 'அக்கா, அந்த வேஷம் என்னுடையது' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதல் வரிசையில் என் மகள் கண்கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல. மன்னிச்சிட்டேன்" என்றேன்.

ஹாலே அதிரும்படி கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் காஜா அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்பவுமா?" என்றாள்.

அவள் கீழே இறங்கியதும் என் மகள் ஓடிப்போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு எங்கம்மா பக்கத்துல உங்கள மாதிரி ஒருத்தங்க இருந்திருக்கணும் ஆன்ட்டி."

காஜா அக்கா அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.