துளையில்லாத பொத்தான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்வார், என்னிடம் மட்டும் சொன்னதில்லை. தையல் கடை வைத்திருக்கிறார். நான் எது சொன்னாலும் தலையாட்டுவார், செய்யமாட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து இதே கூத்துதான்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து, கதிர்வீச்சு ஆரம்பித்த சமயம். என் தம்பி பெண்டாட்டி ஒரு பெரிய டப்பாவோடு வந்தாள். உள்ளே ஆரஞ்சு நிற மாத்திரைகள். ஆன்டி-ஆக்ஸிடன்ட்டாம். காய்கறியிலும் பழத்திலும் இருக்கிற அதே சத்து, இதில் பல மடங்கு. உடம்பில் உள்ள அணுக்களைக் கெடாமல் காப்பாற்றும் என்றாள். காப்பாற்றும் என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. பழத்தில் இருப்பதற்கெல்லாமா டாக்டரைக் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். தினமும் அவர் கடைக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் ஒரு மாத்திரையைப் போட்டு, வெந்நீர் பாட்டிலையும் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் போட்டீர்களா என்று கேட்டால் தலையாட்டுவார்.

சமையலை முடித்துவிட்டு மத்தியானம் நானும் கடைக்குப் போவேன். ஹெம்மிங்கும் பொத்தானும் என் வேலை. அன்றைக்கு ஒரு குழந்தையின் ஆரஞ்சு கவுனுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். பொத்தான்களை நிறம் நிறமாகத் தனித்தனி டப்பாவில் வைத்திருப்போம். ஆரஞ்சு டப்பாவில் கைவிட்டு ஒன்றை எடுத்தேன். ஊசி போக வழியில்லை. திருப்பிப் பார்த்தால் துளையே இல்லை. டப்பாவைத் துணிமேல் கவிழ்த்தேன். பொத்தானைவிட மாத்திரைதான் அதிகம்.

குப்பையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று இந்த ஏற்பாடு. அவர் கழுத்தில் டேப்போடு, மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட சத்தத்தில், அளவு கொடுக்க வந்த அம்மாள் அப்புறம் வருவதாகச் சொல்லி நழுவினார். எனக்குக் கோபத்தைவிட பயம்தான். இந்த மனுஷனுக்கு வாழ்கிற ஆசையே விட்டுப்போய்விட்டதா? அப்புறம் நான் யாருக்காக ஓடுகிறேன்?

"முழுங்க முடியலம்மா," என்றார். "தொண்டையெல்லாம் எரியுது. சொன்னா நீ பயந்துடுவ."

மறுநாள் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். இவரை நாலு வார்த்தை திட்டுங்கள் என்று மாத்திரைகளை மேசையில் கொட்டினேன். டாக்டரம்மா திட்டவில்லை. எத்தனை சாப்பிட்டார் என்று கேட்டார். முதல் நாள் போட்ட ஒன்று மட்டும் என்றார் இவர். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நல்லதாப் போச்சு. கதிர்வீச்சோட வேலையே புத்துநோய் அணுவைச் சாகடிக்கிறதுதான். இவ்வளவு அதிக அளவுல இந்த மாத்திரையைப் போட்டா, அது அந்த அணுவையும் சேர்த்துக் காப்பாத்திடலாம். கண்டிப்பா அப்படி ஆகும்னு சொல்லல. ஆனா அந்த ஆபத்து நமக்கு எதுக்கு?"

மேசையில் கிடந்த மாத்திரைகளை அவசரமாகத் திரும்ப வாரிக்கொண்டேன். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேனே. டாக்டரம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். காயும் பழமும் தாராளமாகக் கொடுக்கலாம், சாப்பாட்டில் இருக்கிற அளவால் ஒன்றும் ஆகாது, பப்பாளியோ வெந்த கேரட்டோ மசித்துக் கொடுங்கள் என்றார். இனி எந்த மாத்திரையானாலும் முதலில் தன்னைக் கேட்கச் சொன்னார். தொண்டை எரிச்சலுக்கு மருந்து எழுதினார். பிறகு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டி நன்றாகவே சுருங்கியிருந்தது.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லவேளைங்க, நீங்க என் பேச்சைக் கேக்கல."

அவர் சிரிக்கப் பார்த்தார். வலித்திருக்கும், தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"இனிமே வலிச்சா சொல்லிடறேன். நீ திட்டக்கூடாது."

"திட்டுவேன்," என்றேன். "இருந்தாலும் சொல்லுங்க."