கேமராவைப் பார்க்காதே

முப்பத்தைந்து வருஷம் படம் வெட்டியே என் முதுகு கூனிவிட்டது. முதலாளி எனக்கு வைத்த பெயர் ‘கத்திரி’. என் சொந்தப் பெயர் வீட்டுக்காரிக்கே மறந்துவிட்டது.

ஸ்டுடியோவை விற்றாயிற்று. எடிட்டிங் அறையில் நான் பிலிம் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நாலு படப்பிடிப்புத் தளம் கட்டி, நாற்பத்தாறு படம் எடுத்த மனுஷர், ஸ்டூலில் உட்காரவே இரண்டு முறை யோசித்தார்.

“கத்திரி, மொதமொதல்ல கேமரா வாங்குனப்ப அவள நடக்கவிட்டு ஒரு துண்டு எடுத்தேனே, எங்கடா அது?”

அவள் என்றால் அவர் மனைவி. எங்களுக்கெல்லாம் அம்மா. போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்.

“போட்டோவுல வெறப்பா நிக்கிறாடா. அவ சிரிப்பே மறந்துபோச்சு. ஒரு தரம் பாத்துட்டாப் போதும்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிலிம் கிடைக்காத காலத்தில், ‘பழைய துண்டைத் தூக்கிப் போடாதே, ரீல் ஆரம்பத்தில் ஒட்டு’ என்று சட்டம் போட்டவரே இவர்தான். மெஷினில் மாட்டும்போது கீறுவது அந்த ஆரம்பத் துண்டைத்தான், படம் தப்பித்துவிடும். அம்மாவையும் நான்தான் நறுக்கி, இரண்டாவது படத்தின் ரீல்களில் ஒட்டியிருந்தேன். பழி என் தலையில்தான் விடியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளதைச் சொன்னேன்.

“நான் சொன்னதத்தானே செஞ்ச,” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது ரீல்களிலிருந்தும் உரித்து, வரிசை பார்த்து ஒட்ட இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம், சின்னத் திரையறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு நானே ஓட்டினேன்.

திரை முழுக்கக் கீறல் கொட்டியது. நடுவே அம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே முற்றத்தில் வருகிறாள். எங்கள் பக்கம் திரும்பப் போகிறாள். கன்னம் லேசாக மலர்கிறது. சட்டென்று திடுக்கிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கடைசிவரை அப்படியே நடந்து போகிறாள்.

“இன்னொரு தரம்.”

மூன்று தரம் ஓட்டினேன்.

“நாந்தான்டா கத்துனேன்,” என்றார். “கேமராவப் பாக்காதேன்னு. சிரிக்க வந்தவள…”

வேறு என்ன செய்ய? மறுபடி மாட்டினேன்.

அவள் திரும்பும் இடம் வந்ததும் முதலாளி முன்னால் சாய்ந்து, “பாரும்மா. இப்பப் பாரு,” என்றார்.

இந்தத் தரமும் அம்மா, அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் கேட்டாள்.