பாலத்தில் கேட்கும் சத்தம்

நட்டு இளகவில்லை. செபியோ தரையில் உட்கார்ந்து, ஸ்பேனர் பிடியைக் குதிகாலால் ஓங்கி உதைத்தார். இரண்டாவது உதையில் துரு கிரீச்சென்று கத்திக்கொண்டு வழிவிட்டது. தார்ப்பாய் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி சீட்டில் குனிந்தார்கள். சாவு வீட்டில் விழித்திருக்க சீட்டாட்டம் இல்லாமல் முடியாது. செபியோவுக்குச் சீட்டைக் கண்டாலே ஆகாது, ஆனாலும் இந்த மூன்று நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கூடத்தில் கண்ணாடி போட்ட வெள்ளைப் பெட்டிக்குள் அவர் மனைவி சாயோங் படுத்திருந்தாள். நாளைக்கு மதியம் அடக்கம்.

"மச்சான், அக்கா உள்ளே பெட்டியில கெடக்கா, நீங்க வண்டிக்கு அடியில கெடக்கீங்க. ஊரு என்ன பேசும்?" என்றான் சாயோங்கின் தம்பி டெல்பின். கையில் காபி வைத்திருந்தான்.

"ஊரு மூணு நாளா நம்ம வீட்டுக் காபியக் குடிச்சிட்டுத்தான் பேசுது. பேசட்டும். நீ அந்த விளக்கக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

முப்பது வருஷத்து கரோலா அது. முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி, கீழே மரக்கட்டைகள் கொடுத்து, இரண்டு சக்கரங்களையும் கழற்றி வைத்திருந்தார். பதினோரு வருஷமாக மேடுபள்ளத்தில் இறங்கினால் முன்னாலிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம். அவர் அதில் ஏற்றுவதோ வாத்து முட்டை. தினமும் விடியலில் ஏரிக்கரைப் பண்ணைகளில் முட்டை எடுத்து, சாந்தா குரூஸ் சந்தையில் போட்டுவிட்டு, மாலை நாலு மணிக்குத் திரும்புவார். முட்டையில் கீறல் விழாது. அவர் முதுகெலும்பில்தான் விழும்.

அந்தச் சத்தத்துக்காகச் சாயோங் அவரை வாங்காத வாங்கு வாங்கியிருக்கிறாள். "நான் செத்தா, என் பொணத்துக்குப் பின்னாடி இந்தத் தகர டப்பாவ உருட்டிட்டு வராதீங்க. கல்லறையில தூங்குறவங்கள்லாம் எந்திரிச்சு உக்காந்துருவாங்க" என்று தெருவே சிரிக்கும்படி சொல்லுவாள். இன்னிக்கு, நாளைக்கு என்று அவரும் தள்ளிக்கொண்டே வந்தார். இப்போது நாளைக்கு என்று தள்ள நாள் இல்லை. அவள் கேட்ட ஒன்றையாவது, அவள் மண்ணுக்குள் போவதற்கு முன் செய்து முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு வெறி பிடித்திருந்தது.

அவரிடம் ஒரு பெருமை உண்டு. வாய்க்கால் பாலத்தில் வண்டி ஏறி, வளைவு திரும்பி, வீட்டு வாசலுக்கு வரும்போது இரும்புக் கதவு விரியத் திறந்திருக்கும். சாயோங் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மழையானாலும் காய்ச்சலானாலும் நிற்பாள். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் இறங்கிக் கதவைத் திறந்ததில்லை. சந்தையில் மற்றவர்கள் பெண்டாட்டியைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும்போது, செபியோ எதுவும் சொல்லாமல் சிரித்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை கதவு மூடியிருந்தது.

அவர் ஹார்ன் அடித்தார். இரண்டு தடவை அடித்துவிட்டு, மூன்றாவதாக நீளமாக, எரிச்சலோடு அழுத்தினார். அப்புறம்தான் இறங்கினார். அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாதி செதில் உரித்த மீன் தொட்டியில் கிடந்தது, அவள் தொட்டியடியில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, நீங்கள் வந்தபோதே உயிர் இல்லை என்றார் டாக்டர். அந்த மூன்றாவது ஹார்னை மட்டும் செபியோவால் காதிலிருந்து கழற்ற முடியவில்லை.

"பால் ஜாயின்ட் ரெண்டும் மாத்தியாச்சு. இந்த லிங்க் ராடுதான் இல்ல" என்று, கழற்றிய கம்பியை விளக்கில் ஆட்டிக் காட்டினார். ஒரு சாண் நீளக் கம்பி. இரண்டு முனையிலும் கோலிக்குண்டு மாதிரி மூட்டு. ஆட்டினால் குழந்தையின் கிலுகிலுப்பைபோல ஆடியது. "இதுதான் பாலத்துல கத்துறது. கடையில கேட்டா, இந்த மாடலுக்கு இப்ப வர்றதே இல்லங்குறான்."

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜோடி வாங்குனீங்களே?"

"வாங்குனேன். காணாமப் போச்சு."

"அத நான்தான் எடுத்து வித்துட்டேன்னு ஒரு மாசம் என்கூடப் பேசாம இருந்தீங்க."

"இப்பவும் சந்தேகம் இருக்கு" என்றார் செபியோ. டெல்பின் காபிக்குள் சிரித்தான். சாயோங் போன பிறகு இருவரும் பேசிய முதல் சிரிப்புப் பேச்சு அது.

சீட்டு மேசையில் எதிர்வீட்டுப் பாசிங் காலையிலிருந்தே தோற்றுக்கொண்டிருந்தாள். சீட்டைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அரிசிச் சாக்குத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று கையிலிருந்தது.

"அண்ணே, இது உங்களுது. செத்தவள உள்ளே வச்சிக்கிட்டு இத ஒளிச்சு வைக்க எனக்குத் தெம்பு இல்ல."

செபியோ பிரித்தார். கடை அட்டைப் பெட்டிக்குள் இரண்டு லிங்க் ராடுகள், கிரீஸ் பிசுக்கோடு புதுசாக.

"நீயா எடுத்த?"

"நான் எதுக்குண்ணே எடுக்கப்போறேன், சூப்பு வைக்கவா? சாயோங்தான் குடுத்தா. பத்திரமா வச்சிரு, அவரு கேட்டா தெரியாதுன்னு சொல்லிருன்னா."

"அவதானே மாத்து மாத்துன்னு உசுர வாங்குனா?"

பாசிங் டெல்பினைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். அங்கே அவளோடு ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மத்தியானத்துல நாங்க நாலு பேரும் உங்க வீட்டு அடுக்களையிலதான் ஆடுவோம்" என்றாள்.

"என்ன ஆடுவீங்க?"

"என்னண்ணே கேள்வி இது? சீட்டுத்தான்."

செபியோவின் அப்பா மூன்று வயல்களைச் சீட்டில் விட்டவர். கல்யாணத்தன்று சாயோங் மாதா சுரூபத்தைத் தொட்டு, இந்த வீட்டுக்குள் சீட்டு வராது என்று சத்தியம் செய்திருந்தாள்.

"எத்தன நாளா?"

"நீங்க சந்தைக்குப் போன நாளெல்லாம். இந்தச் செவ்வாக்கிழமைதான் மீன் வேல கெடக்கு, வராதீங்கன்னுட்டா" என்றாள் பாசிங். ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "பாலத்துல உங்க வண்டி டொக் டொக்குன்னதும் நான் சீட்ட அள்ளுவேன், இவ தம்ளர எடுப்பா, அவ கொல்லப்பக்கமா ஓடுவா. நீங்க வளைவு திரும்புறதுக்குள்ள வீடு கோயில் மாதிரி ஆயிரும். சத்தம் போயிட்டா எங்க கதி என்ன?"

செபியோவுக்கு முகம் சுட்டது. அப்படியானால் வாசலில் நின்றது அதற்குத்தானா? அவளுடைய சிரிப்பு, கதவைப் பிடித்த கை, மூச்சு வாங்கியது எல்லாம்? வெயிலில் ஓடி வந்திருக்கிறாளே என்றல்லவா அவர் நினைத்திருந்தார்! பதினோரு வருஷப் பெருமையை யாரோ சாக்கோடு தூக்கித் தெருவில் கொட்டியதுபோல் இருந்தது.

"நல்லா ஏச்சிருக்கா" என்றார்.

"ஏச்சாதான். இல்லேங்கல" என்றாள் பாசிங். "ஆனா ஒண்ணு சொல்றேன். போன பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், அவ கையில அடிக்கிற சீட்டு. ஒரே ஒரு சுத்து, அவ்வளவுதான், மொத்தமும் அவளுக்கு. சத்தம் கேட்டுச்சு. அப்படியே கவுத்து வச்சிட்டு எந்திரிச்சா. காட்டிட்டாவது போடின்னோம். 'அந்த மனுஷன் அவ்வளவு தூரம் ஒரு முட்ட உடையாம வர்றாரு, வாசல்ல எறங்கிக் கதவத் தொறக்கணுமா?'ன்னுட்டு ஓடிட்டா. சீட்ட ஒளிக்கத்தான் நாங்க இருக்கோமே. அவளுக்கு ஓடணும்னு என்ன?"

செபியோ அட்டைப் பெட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பெட்டியக் குடுத்தப்பவும் கேட்டேன், வண்டி அடங்கிட்டா நல்லதுதானடின்னு. 'அடங்கிட்டா அவரு வர்றது எனக்கு எப்படித் தெரியும்? நாள் முழுக்க வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?'ன்னா."

பாசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். செபியோ எழுந்து கூடத்துக்குள் போனார். பெட்டியின் கண்ணாடியில் கண்ணீர் விழக்கூடாது, விழுந்தால் போகிற உயிருக்குக் கால் எழாது என்பார்கள். அதனால் ஓரடி தள்ளியே நின்றார். கை முழுக்கக் கிரீஸ். அடக்கம் முடியும்வரை சாவு வீட்டில் குளிக்கவும் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்தக் கையோடு அவளைத் தொடமுடியாது, தொட்டாலும் கண்ணாடிதான். ஒரே ஒருநாள் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல் நடந்தே வந்து, அந்தச் சீட்டுக்கட்டோடு அவளைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். எப்படி முழித்திருப்பாள்! அந்த முழியைப் பார்க்க அவருக்கு இப்போது தாங்க முடியாத ஆசையாக இருந்தது.

திரும்பி வந்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு பக்கம் புதுக் கம்பி, ஒரு பக்கம் பழசு. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். பழசை எடுத்துத் துணியால் துடைத்து, பழைய துளையிலேயே மாட்டினார்.

"மச்சான், புதுசக் கையில வச்சிக்கிட்டுப் பழசையா மாட்டுறீங்க?"

"சக்கரம் கழண்டு ஓடுறது பால் ஜாயின்ட்டாலதான். அத மாத்தியாச்சு. இது சத்தம் மட்டும்தான் போடும்."

"சத்தம் வேணாம்னுதானே அக்கா சொன்னா?"

"உங்கக்கா சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு" என்றார் செபியோ. "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடு."

மறுநாள் அடக்கப் பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பூ போட்ட கறுப்பு வண்டி, பின்னால் குடை பிடித்து நடக்கும் சனம், அதற்கும் பின்னால் கரோலா. டெல்பின் முன்பக்கக் கதவைத் திறந்தபோது, "பின்னாடி உக்காரு" என்றார் செபியோ. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. நடக்கிறவர்களின் வேகத்துக்கு வண்டியை முதல் கியரிலேயே உருட்டினார். சமதளத்தில் வண்டி வாயே திறக்கவில்லை. சத்தம் போய்விட்டதோ என்று அவருக்குப் பயமாகக்கூட இருந்தது.

வாய்க்கால் பாலம் வந்தது. கறுப்பு வண்டி ஏறி இறங்கி அப்பால் போயிற்று. சனம் கடந்தது. செபியோ பாலத்தின் விளிம்பில் முன்சக்கரத்தை ஏற்றினார்.

டொக். டொக்.

முன்னால் நடந்துகொண்டிருந்த பாசிங்கின் கை சட்டென்று காற்றில் எதையோ அள்ளப் போயிற்று. பக்கத்தில் நடந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். பாசிங் வெறும் கையைப் பார்த்தாள். பிறகு குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

செபியோ வளைவில் இந்த முறை கல்லறைப் பக்கம் திரும்பினார். கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது. ஹார்ன் பக்கம் போன கையை எடுத்துக்கொண்டு, வண்டியை மெதுவாக உள்ளே விட்டார்.