முதுகு வலி

கடைசி ஸ்க்ரூ அசைய மறுத்தது. சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். உள் அறை வாசலில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கதவைக் கழற்றினால்தான் அண்ணனை வெளியே கொண்டுபோக முடியும். அந்தக் கதவைப் பொருத்தியதும் அண்ணன்தான். மூன்று ஸ்க்ரூ போதும் என்கிற இடத்தில் ஆறு போடுகிற மனுஷன்.

"செத்தும் என் உசுரை வாங்குறான்" என்று முணுமுணுத்தார்.

அண்ணனும் தம்பியும் முப்பது வருஷமாகச் சேர்ந்து மரச்சாமான் கடை நடத்தியவர்கள். கடைக்கு வருகிறவர்களுக்குப் பெரியவர், சின்னவர். ஒரு வருஷமாகப் பெரியவர் கடைக்கு வரவில்லை. முதுகு வலி என்றார்கள். சின்னவர் பார்க்க வரும்போதெல்லாம் முன் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "ரெண்டு வாரத்துல வந்துடுவேன்டா" என்பார். உள் அறைக்குள் சின்னவர் நுழைந்தது இன்றைக்குத்தான்.

நுழைந்ததும் கட்டிலுக்கடியில் அது கண்ணில் பட்டது.

"முதுகு வலிக்கு எதுக்கு அண்ணி மூத்திரப் பை?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி போர்வையின் மடிப்பை நீவினாள். பிறகு, "முதுகுலதான் வலி. புத்து எலும்புல இறங்கிடுச்சு. ஆரம்பிச்சது ப்ராஸ்டேட்ல" என்றாள்.

"எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு."

"ரத்தத்துல பி.எஸ்.ஏ. எவ்வளவு இருந்தது? பயாப்சில என்ன க்ரேடு சொன்னாங்க?"

அண்ணி நிமிர்ந்தாள். "தம்பி, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சின்னவர் ஸ்க்ரூ பக்கம் திரும்பிக்கொண்டார். போன மாதம் பிளைவுட் பார்க்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். புற்றுதான், ஆனால் மெதுவாக வளர்கிற வகை, ஆபத்து குறைவு என்றார் டாக்டர். உடனே கத்தி வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கொருமுறை ரத்தப் பரிசோதனை, இடையிடையே ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி என்று கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். "குடும்பத்துல யாருக்காவது இது இருந்திருக்கா? இருந்தா மரபணு டெஸ்ட் பார்க்கணும். அதுல கோளாறு தெரிஞ்சா, வெறுமனே கண்காணிப்பு போதுமான்னு திரும்ப யோசிக்கணும்" என்று கேட்டிருந்தார். சின்னவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதில்: "எங்க அண்ணன் குத்துக்கல் மாதிரி இருக்கார் டாக்டர்."

அண்ணி தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள். "டாக்டர் சொன்னாரு, உங்க தம்பியையும் மகனையும் பார்த்துக்கச் சொல்லுங்கன்னு. நல்லாத் தலையாட்டினாரு. படி இறங்கினதும், அந்த இடத்துல வியாதின்னு தம்பி மூஞ்சியைப் பார்த்து எப்படிடீ சொல்றதுன்னாரு. வெளியில மூச்சு விட்டா நான் வீட்டுக்கே வரமாட்டேன்னாரு."

ஸ்க்ரூடிரைவர் சுவரில் போய் மோதியது.

"ஏன்யா!" சின்னவர் கட்டிலை நோக்கிக் கத்தினார். "கடையில ஒரு ஆணி வளைஞ்சாக்கூட என்கிட்ட அரை மணி நேரம் பேசுவியே! இதைச் சொல்ல வாய் வரலையா உனக்கு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியே! என் உசுரு உனக்கு அவ்வளவு இளப்பமா?"

முன் அறையிலிருந்து மாமா ஒருவர் ஓடி வந்தார். "செத்தவரைத் திட்டாதப்பா."

"உயிரோட இருக்கும்போது சொல்லியிருந்தா அப்பவே திட்டியிருப்பேன்!"

அண்ணி எழுந்தாள். அவள் குரலும் இப்போது உயர்ந்தது. "போதும் நிறுத்துங்க. பி.எஸ்.ஏ.ன்னு கேட்டப்பவே உங்களுக்கும் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க யாருகிட்ட சொன்னீங்க? போன வாரம் வந்து ஆப்பிளை வச்சுட்டு, வியாபாரம் டல்லுன்னு பேசிட்டுப் போனீங்களே, அப்ப உங்க வாய்க்கு என்ன வந்துச்சு? ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க!"

உண்மை என்பதால் சின்னவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஸ்க்ரூடிரைவரைப் பொறுக்கிக்கொண்டு வந்து அந்த ஸ்க்ரூவைக் கழற்றினார். கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

தெருவில் அமரர் ஊர்தி வண்டி நின்றது. ஸ்ட்ரெச்சரின் முன்பக்கக் கைப்பிடியை, வெளியூரிலிருந்து காலையில் வந்திருந்த அண்ணன் மகன் பிடித்திருந்தான். எதிர்வீட்டுத் தையல்காரர் அவனை நெருங்கி, "என்ன தம்பி, முதுகு வலின்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க, முதுகு..."

"ப்ராஸ்டேட் கேன்சர்" என்றார் சின்னவர், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "எனக்கும் இருக்கு. போதுமா?"

கூட்டத்தில் நின்ற அவருடைய மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். அவள் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டிக்குள் சின்னவரும் அண்ணன் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் பெரியவர்.

"ஆபரேஷன் பண்ணிக்கப் போறீங்களா சித்தப்பா?"

"தெரியாது. குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு டாக்டர்கிட்ட சொல்லிவச்சிருக்கேன். முதல்ல போய் அதை மாத்திச் சொல்லணும். அப்புறம் மரபணு டெஸ்ட். எனக்குக் கோளாறு இருந்தா, அடுத்து நீ எடுக்கணும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னாலும் உங்க அப்பனுக்கு இருந்ததுன்னு வாயைத் திறந்து டாக்டர்கிட்ட சொல்லு. என்னை மாதிரி போய் நெஞ்சை நிமித்தாதே."

மகன் வெளியே பார்த்தான். "அம்மாவும் அப்பாவும் என்கிட்டயும் முதுகு வலின்னுதான் சொன்னாங்க" என்றான்.

சின்னவர் அண்ணனைத் திட்ட வாய் திறந்தார். அதற்குள் வண்டி சட்டென்று திரும்பியது. ஸ்ட்ரெச்சர் சறுக்க, அவர் கை பாய்ந்து போர்வைக்கு மேலே அண்ணனின் முழங்காலைப் பிடித்தது. குச்சி மாதிரி இருந்தது. இவ்வளவு இளைத்திருப்பார் என்று அவருக்கு இதுவரை தெரியாது.