பட்டியலில் வராத ஃபோல்டர்

சியாமளா இறந்து எட்டு மாதம் ஆகியும் அவளுடைய ஃபோல்டரை பத்ரிநாத் திறக்கவில்லை. துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான். அதில் அவள் குரல் இருந்தது. சிஞ்ச்வட் டிசைன் ஆபீஸில் அவன் மனைவி டிராயிங் போடுபவள்; அவன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். புதிதாக வந்த சன் மெஷினின் மைக்கைச் சோதிக்கிறேன் என்று பதினொரு வினாடி பேசிப் பதிந்து வைத்திருந்தாள். வேறெங்கும் அவள் குரல் கிடையாது.

ஆபீஸில் சன், எச்பி, லினக்ஸ் என்று மூன்று விதக் கம்ப்யூட்டர்கள். எல்லோருடைய ஃபோல்டரும் ஒரே சர்வரில். யார் எதில் உட்கார்ந்தாலும் அவரவர் ஃபோல்டர் தானாக வந்து இணையும். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் தானாகக் கழன்றுகொள்ளும். இந்த ஏற்பாட்டைச் செய்தவனே பத்ரிநாத்தான். சன்னில் பார்த்தால் எல்லா ஃபோல்டரின் பெயரும் தெரியும். லினக்ஸில் அந்த நேரம் இணைந்திருப்பவை மட்டும்தான்.

2003 ஜூனில் புது சர்வர் வந்தது. மாற்ற வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலை எடுத்தபோது அவன் உட்கார்ந்திருந்தது லினக்ஸ் மெஷினில். மதியம் மூன்று மணி. எல்லோரும் வேலையில் இருந்தார்கள். நாற்பத்தொரு பெயர். ஆளும் நாற்பத்தொன்று. சரியாக இருக்கிறதென்று அவற்றைப் புது சர்வருக்கு நகலெடுத்தான். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பழைய டிஸ்குகளைத் தன் கையாலேயே அழித்தான். பேக்கப் டேப்புகளில் மாதாமாதம் பழையதை அழித்து அதன் மேலேயே புதிதாக எழுதிவிடுவார்கள்.

அக்டோபரில் வருஷத் திதி முடிந்த மறுநாள், துணிந்து அவள் பெயரை அடித்தான். அப்படி ஒன்று இல்லை என்றது. எச்பியில் அடித்தான். சன்னில் அடித்தான். அப்புறம்தான் உறைத்தது. பட்டியல் எடுத்த அன்று ஒரு தடவை அவன் அதைத் திறந்திருந்தால் நாற்பத்திரண்டு பெயர் வந்திருக்கும்.

பக்கத்து நாற்காலியில் ஜெனிபர். பக்கத்துத் தாபோடிக்காரி, சியாமளாவோடு சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்து தின்றவள்.

"க்யா ஹுவா பத்ரி? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னான்.

"டேப்?"

"போச்சு."

"அரே பத்ரி, லினக்ஸ்ல பாத்து நம்பாதேன்னு எங்களையெல்லாம் நீதானே திட்டுவே!" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவ பதிஞ்சு வெச்சதை நீ கேட்டிருக்கேல்ல?"

"பத்து வாட்டி. அவளே போட்டுக் காட்டுவா."

"அவ சொன்ன மாதிரியே சொல்லு."

ஜெனிபர் தொண்டையைச் செருமினாள். "ஹலோ, ஹலோ. பத்ரி, டப்பால பொரியலை மிச்சம் வெச்சா வீட்டுக்கு வராதே."

"கடைசில சிரிப்பாளே, அது?"

"சிரிச்சாளா? நஹி ரே, இருமல்தானே வந்துது?"

பத்ரிநாத் யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான்.